டர்பன் நகரம்: பதினோரு வருடம் அங்கே இருந்தவன் சொல்லும் பதில்கள்

வேலைக்காகத் தென்னாப்பிரிக்கா போய், டர்பனில் பதினோரு வருடம் குடியிருந்தேன். அந்த ஊரைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்றேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

டர்பனில் இத்தனை தமிழர்கள் எப்படி வந்தார்கள் அண்ணா? வியாபாரத்துக்கா?

கரும்புக்கு. டர்பன் இருக்கும் நேட்டால் பகுதி பிரிட்டிஷ் காலனியாக இருந்தபோது வெள்ளைக்காரத் தோட்டக்காரர்களுக்குக் கூலியாட்கள் தேவைப்பட்டார்கள். சொந்த நிலமும் மாடும் வைத்திருந்த அந்த மண்ணின் ஜூலு மக்கள் தோட்டக் கூலிக்கு வர விரும்பவில்லை. அதனால் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவந்தார்கள். சென்னையிலிருந்து கிளம்பிய 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் வந்து சேர்ந்தது. 1911 வரை ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சென்னை வழியாக வந்த தமிழரும் தெலுங்கரும்.

ஐந்து வருட ஒப்பந்தம், முதல் வருடம் கூலி மாதம் 10 ஷில்லிங். ஒப்பந்தம் முடிந்தும் நேட்டாலிலேயே தங்குகிறவர்கள் மீது 1895-ல் ஆண்டுக்கு 3 பவுண்டு வரி போட்டார்கள். 3 பவுண்டு என்றால் 60 ஷில்லிங், அதாவது ஆறு மாதக் கூலி! வரி கட்ட முடியாதவன் திரும்பவும் ஒப்பந்தத்தில் கைநாட்டு வைக்க வேண்டியதுதான். அதற்காகத்தான் அந்த வரியையே போட்டார்கள். 1913-ல் காந்தி நடத்திய போராட்டத்தில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். அடுத்த வருடம் வரி போயிற்று. காந்தியின் பெயர் எல்லோருக்கும் தெரிகிறது. கரும்புக் கத்தியைக் கீழே போட்டுவிட்டு வெளியே வந்த அந்தத் தொழிலாளர்களின் பெயர் யாருக்கும் தெரியவில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம்.

வேலூர்ப் பக்கம் எங்கள் ஊர். கொள்ளுத்தாத்தாவின் தம்பி நேட்டால் போனதாகச் சொல்வார்கள். தேட வழி உண்டா?

உண்டு. ஒவ்வொரு கப்பலுக்கும் பதிவேடு இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் எல்லாம் எழுதியிருப்பார்கள். வடஆற்காடு ஜில்லாக்காரர்கள் அதில் நிறைய. ஆனால் பெயரை மட்டும் வைத்துத் தேடாதீர்கள். காதில் விழுந்தபடி எழுதியதால் பெயர்கள் உருமாறியிருக்கும். கிராமமும் தகப்பன் பெயரும் சேர்ந்து பொருந்துகிறதா என்று பாருங்கள்.

அவர்கள் தமிழ் பேசுவார்களா ஐயா?

பெரும்பாலானவர்களுக்குத் தமிழ் பேச வராது. வீட்டுமொழி இங்கிலீஷ். நாயுடு, பிள்ளை, படையாச்சி என்று குடும்பப் பெயரில் ஊர் அடையாளம் நிற்கிறது. அங்கே ஏராளமாக இருக்கும் 'கோவெண்டர்' நம்முடைய கவுண்டர்தான் என்பார்கள்.

இங்கிருந்து போகிறவர்கள் "தமிழே தெரியாத தமிழரா?" என்று முகத்துக்கு நேரே கேட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிக் கேட்காதீர்கள். டர்பனில் இந்தியர்கள் வாழும் சாட்ஸ்வொர்த் பகுதியில் பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருவர் வெள்ளிக்கிழமை விளக்கேற்றித் தேவாரம் பாடுவார். ஒருநாள் அவருடைய நோட்டைக் கையில் கொடுத்தார். முழுக்க ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ். எந்த இடத்தில் நீட்ட வேண்டும் என்பதற்குச் சிவப்பு மையில் கோடு. ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை. அவருடைய அம்மா சொல்லச் சொல்ல எழுதியதாம். பொருள் பாதிதான் தெரியும், ஆனால் ஒரு அடியும் பிசகாது. அதற்குப் பிறகு அந்தக் கேள்வி என் வாயில் வந்ததில்லை.

குட் ஃப்ரைடே அன்று மாரியம்மன் திருவிழாவா? நிஜமா?

நிஜம்தான். டர்பனுக்குத் தெற்கே இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலில் ஈஸ்டர் நாட்களில் ஆயிரக்கணக்கில் கூட்டம். அந்தக் காலத்தில் தோட்டக் கூலிக்குச் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்தது அப்போதுதான், அதனால் அம்மனுக்கும் அதுவே நாள். ஆடி மாதம் கூழ் ஊற்றுவதும் உண்டு. அதற்கு 'பாரிட்ஜ் பிரேயர்' என்று பெயர்.

'பன்னி சௌ' என்றால் முயல்கறியா?

இல்லை தம்பி, ரொட்டிக்குள் குழம்பு ஊற்றித் தரும் டர்பன் சாப்பாடு. வணிகரைக் குறிக்கும் 'பனியா' என்ற சொல்தான் 'பன்னி' ஆயிற்று என்பது பரவலான விளக்கம். துண்டு போடாத வெள்ளை ரொட்டியைக் காலாகவோ பாதியாகவோ வெட்டி, நடுவைக் குடைந்து, குழம்பை ஊற்றித் தருவார்கள். குடைந்தெடுத்த பஞ்சு மேலேயே இருக்கும். முதலில் அதைத் தொட்டுத் தின்ன வேண்டும், பிறகு விளிம்பிலிருந்து பிய்த்துக்கொண்டே கீழே இறங்க வேண்டும். ஸ்பூன் கேட்டால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். அடிப்பக்கம் குழம்பில் ஊறிக் கனத்துப்போயிருக்கும், ருசியே அதில்தான். குழம்பு சிவப்பாக, கறிவேப்பிலை மணத்தோடு, சாறு குடித்த உருளைக்கிழங்குடன் இருக்கும். கூடவே கேரட், வெங்காயம், மிளகாய் சேர்த்த பச்சடி. 'குவார்ட்டர் மட்டன்' என்று கேட்டால் கால் கிலோ கறி வராது, கால் ரொட்டிதான் வரும்.

நான் யாழ்ப்பாணம். டர்பனில் எங்கட 304 மாதிரி ஒரு சீட்டு விளையாட்டு இருக்காமே?

இருக்கிறது, பெயர் 'துனி'. 'தண்ணி' என்ற சொல்லிலிருந்து வந்தது என்கிறார்கள். ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. நான்கு ஜாதியும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள், உங்கள் 304 வரும்!

இந்தியர்கள் ஏன் தனிப் பகுதிகளில் இருக்கிறார்கள்?

அவர்களாக விரும்பிப் போனதல்ல. 1950-ல் வந்த குழுப் பகுதிகள் சட்டம் இனவாரியாக ஊரைப் பிரித்தது. கேட்டோ மேனர் போன்ற இடங்களிலிருந்து கறுப்பின மக்களையும் இந்தியர்களையும் அப்புறப்படுத்தினார்கள். இந்தியர்களுக்கென்று 1960-களில் சாட்ஸ்வொர்த், 1970-களில் ஃபீனிக்ஸ். கேட்டோ மேனரில் வீடுகள் போயின, கோயில்கள் நின்றன. இன்றும் திருவிழாவுக்கு அங்கே போகிறார்கள்.

அப்போது டர்பன் இந்தியர் ஊர் என்று சொல்லலாமா?

கூடாது. அது முதலில் ஜூலு மண். ஜூலுவில் அதன் பெயர் எத்தெக்வினி. ஊரில் அதிகம் பேர் பேசுவதும் ஜூலுதான். 'கோம்' என்ற நடன இசை பிறந்த ஊரும் அதுவே. மினிபஸ் டாக்ஸியில் ஏறினால் இருக்கை அதிர அதிர அது ஒலிக்கும். வார்விக் சந்திப்பின் மூலிகைச் சந்தையில் வேரும் பட்டையும் விற்கும் பெண்களிடம் கொஞ்சநேரம் பேசிப் பாருங்கள். போகுமுன் ஒரு வார்த்தை கற்றுக்கொள்ளுங்கள்: ஒருவரைப் பார்த்தால் 'சாவுபோனா'. பலர் இருந்தால் 'சனிபோனானி'. 'யேபோ' என்று பதில் வரும்.