தேர்வு செய்வது மென்பொருள், பொறுப்பு யாருக்கு?

கேள்வி: வேலைக்கு வரும் விண்ணப்பங்களைச் செயற்கை நுண்ணறிவு மென்பொருளைக் கொண்டு வடிகட்ட எங்கள் நிறுவனம் எண்ணுகிறது. கணினிக்கு விருப்பு வெறுப்பு இல்லாததால் இதுவே நியாயமான முறை என்கிறார்கள். சரிதானா?

பதில்: கணினிக்கு விருப்பு வெறுப்பு இல்லைதான், ஆனால் அது பாடம் கற்கும் பழைய பதிவுகளில் மனிதர்களின் விருப்பு வெறுப்பு படிந்திருக்கிறது. அமேசான் நிறுவனம் 2014 முதல் இத்தகைய மென்பொருள் ஒன்றை உருவாக்கிப் பார்த்தது. முந்தைய பத்து ஆண்டுகளில் வந்த, பெரும்பாலும் ஆண்கள் அனுப்பியிருந்த விண்ணப்பங்களைக் கொண்டு அது பயிற்றுவிக்கப்பட்டதால், மகளிர் சதுரங்க மன்றத்தின் தலைவியாக இருந்ததாக ஒருவர் குறிப்பிட்டிருந்தால், அந்த ‘மகளிர்’ என்ற சொல்லுக்காகவே அவருடைய மதிப்பெண்ணைக் குறைத்தது. அந்தச் சொல்லைக் கணக்கில் எடுக்காதபடி திருத்திய பின்னரும், பாகுபாடு வேறு வழியில் நுழையாது என்று உறுதியளிக்க முடியாமல் திட்டத்தைக் கைவிட்டார்கள். 2018-இல் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்ட பிறகே இது வெளியுலகுக்குத் தெரிந்தது.

பாலினம், இனம் ஆகிய விவரங்களை நீக்கிவிட்டால் போதும் என்று மென்பொருளை விற்பவர்கள் சொல்லக்கூடும். போதாது. அமெரிக்க மருத்துவமனைகளில், கூடுதல் கவனிப்பு தேவைப்படும் நோயாளிகளைக் கண்டறியப் பயன்பட்ட ஒரு மென்பொருளில் இனம் பற்றிய விவரமே இல்லை. அது நோயின் தீவிரத்தைச் சிகிச்சைச் செலவைக் கொண்டு அளந்தது. கறுப்பின நோயாளிகளுக்குச் செலவிடப்பட்ட தொகை ஏற்கெனவே குறைவாக இருந்ததால், அதே அளவு நோயுற்றிருந்தும் அவர்கள் பின்னுக்குத் தள்ளப்பட்டதை 2019-இல் ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினார்கள். எதைக் கொண்டு எதை அளக்கிறோம் என்ற தேர்விலேயே அநீதி ஒளிந்திருக்க முடியும் என்பதுதான் எனக்கு மிகுந்த கவலையைத் தருகிறது. ஏனெனில் அதைச் செய்தவர்கள் எவருக்கும் தீய நோக்கம் இருந்திருக்க வேண்டியதில்லை.

கேள்வி: மென்பொருள் தவறு செய்தால் யார் பொறுப்பு?

பதில்: அதைப் பயன்படுத்தும் நிறுவனமே. ஏர் கனடாவின் உரையாடல் மென்பொருள், உறவினரை இழந்த பயணி ஒருவருக்குக் கட்டணச் சலுகை குறித்துத் தவறான தகவல் தந்தது. அது தன் செயலுக்குத் தானே பொறுப்பான தனி அமைப்பு என்ற வகையில் நிறுவனம் வாதிட்டபோது, கனடாவின் தீர்ப்பாயம் ஒன்று 2024-இல் அதை ஏற்க மறுத்து இழப்பீடு வழங்கச் சொன்னது. ஐரோப்பிய ஒன்றியம் அதே ஆண்டு இயற்றிய சட்டம், வேலைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் மென்பொருளை உயர் அபாய வகையில் வைத்து, மனிதக் கண்காணிப்பைக் கட்டாயமாக்குகிறது. அந்தக் கண்காணிப்பாளருக்கு மென்பொருளின் முடிவை மாற்றும் அதிகாரமும், ஒவ்வொரு விண்ணப்பத்தையும் படிக்கப் போதிய நேரமும் தரப்படாவிட்டால், அவர் வெறுமனே கையொப்பமிடுபவராகிவிடுவார்.