தங்கச்சிக்குக் கனமில்லாத கேம் கருவி

தங்கச்சிக்குக் கையில் பலம் குறைவு, ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கேம் கருவியைப் பத்து நிமிடம்கூடப் பிடிக்க முடியவில்லை, விற்றுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். விற்க வேண்டாமுங்க. அது 669 கிராம், ஓஎல்இடி திரை உள்ள மாடலே 640. அதைத் தூக்கவே விடாதீர்கள். மேசையில் ஸ்டாண்ட் போட்டு நிறுத்தி, புளூடூத் கன்ட்ரோலரை மடியில் கொடுங்கள். மெத்தை, தலையணை மேல் மட்டும் வைக்காதீர்கள். பின்பக்கக் காற்றுத் துளை அடைபடும். அழுத்தச் சிரமமான பட்டனின் வேலையை ஸ்டீம் செட்டிங்ஸிலேயே வேறு பட்டனுக்கு மாற்றலாம்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த அப்புறம், கரண்டிப் பிடியில் பனியன் வேஸ்ட் துணியைச் சுற்றித் தடிமனாக்கினேன். இறுக்கிப் பிடிக்காமலே கையில் நின்றது. கன்ட்ரோலருக்கும் அப்படிச் சுற்றிப் பாருங்கள், திருப்பூரில் அந்தத் துணிக்கா பஞ்சம்!

கையில் பிடித்துத்தான் ஆடுவேன் என்றால் நின்டெண்டோ ஸ்விட்ச் லைட், 275 கிராம்தான். ஆனால் ஸ்டீம் ஆன்லைன் கடையில் வாங்கிய கேம்கள் அதில் ஓடாதுங்க.