கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லி யாரு? அவங்க ஏன் அவ்ளோ முக்கியம்?

அமெரிக்காவுல ஃபெடரல் ஜட்ஜ் (மத்திய அரசு கோர்ட்டோட நீதிபதி) ஆன முதல் கறுப்பினப் பெண் இவங்கதான், 1966ல. ஆனா என்னைக் கேட்டா, அதுக்கு முன்னாடி வக்கீலா இருந்தப்ப செஞ்சதுதான் ரொம்பப் பெருசு. 1921ல நியூ ஹேவன்ல பிறந்தாங்க, காலேஜுக்கு அனுப்ப வீட்டுல வசதியில்ல, ஒரு கூட்டத்துல இவங்க பேசினதைக் கேட்ட பணக்காரர் ஒருத்தர் படிப்புச் செலவை ஏத்துக்கிட்டாரு. அப்புறம் கறுப்பினத்தவங்க உரிமைக்காக வாதாடின வக்கீல் தர்குட் மார்ஷலோட சேர்ந்து வேலை பார்த்தாங்க, ஸ்கூல்ல நிறப் பிரிவினை செல்லாதுன்னு 1954ல தீர்ப்பு வந்துச்சே பிரவுன் கேஸ், அதோட முதல் மனுவை எழுதினதே இவங்கதான். மிசிசிப்பி யுனிவர்சிட்டில ஜேம்ஸ் மெரிடித்ங்கிற கறுப்பின மாணவருக்கு 1962ல இடம் கிடைக்கிற வரைக்கும் கோர்ட் கோர்ட்டா அலைஞ்சாங்க, கறுப்பினத்தவங்களுக்கு அங்க வெள்ளைக்காரங்க ஹோட்டல்ல ரூம் கூட தராத காலம் அது. சுப்ரீம் கோர்ட்ல 10 கேஸ் வாதாடி 9ல ஜெயிச்சிருக்காங்க! 2005ல இறக்கிற வரைக்கும் நியூயார்க்ல ஜட்ஜாவே இருந்தாங்க.