போர்டு கழுவுவது: கப்பலூரிலிருந்து சில பதில்கள்

கப்பலூர் தொழிற்பேட்டையில் ஒரு யூனிட்டில் 16 வருடமாக எலக்ட்ரானிக் சர்க்யூட் போர்டு கழுவும் பகுதி என் பொறுப்பு. சால்டர் முடிந்த போர்டை எப்படிக் கழுவுவது என்று கேட்டவர்களுக்கு இந்தப் பதில்கள்.

திருமங்கலத்திலிருந்து: அக்கா, மோட்டார் ஸ்டார்ட்டர் போர்டைக் கையால் சால்டர் செய்கிறோம். ஐபிஏ (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) தொட்டு பிரஷால் தேய்த்தால், காய்ந்ததும் வெள்ளையாகப் பூத்துவிடுகிறது. ஏன்?

தம்பி, சால்டர் நன்றாகப் பிடிக்கச் சேர்க்கிற ஃபிளக்ஸை ஐபிஏ கரைக்கும், ஆனால் பிரஷ் அதை வெளியே கொண்டுபோகாது. ஐபிஏ ஆவியானதும் கரைந்ததெல்லாம் போர்டு முழுக்கப் படலமாகப் படிந்துவிடும். எண்ணெய்க் கையை ஈரத்துணியில் துடைத்த கதைதான்.

முதலில் உங்கள் சால்டர் வயரில் என்ன ஃபிளக்ஸ் என்று பாருங்கள். நோ-கிளீன் என்றால் பெரும்பாலும் கழுவவே வேண்டாம். நன்றாகச் சூடு கண்ட மிச்சம் பிசினாக இறுகி, அமிலத்தை உள்ளேயே பூட்டி வைத்திருக்கும். அரைகுறையாகத் தேய்த்தால் அந்தப் பூட்டை நாமே உடைக்கிறோம். கழுவித்தான் ஆக வேண்டுமென்றால், தேய்த்த ஈரம் காய்வதற்குள் போர்டைச் சரித்துப் பிடித்து, புது ஐபிஏயை மேலிருந்து ஊற்றி வடியவிடுங்கள். காலையில் ஊற்றிய டப்பா சாயங்காலம் டீ நிறத்துக்கு வந்திருக்கும். அதில் தோய்ப்பது கழுவுவதே இல்லை, ஃபிளக்ஸ் பூசுவது.

மேலூரிலிருந்து: தண்ணீரில் கரையும் ஃபிளக்ஸ் பேஸ்ட் வாங்கிவிட்டோம். போர்வெல் தண்ணீரில் கழுவலாமா?

கூடாது. போர் தண்ணீர் காய்ச்சிய பாத்திரத்தின் அடியைப் பாருங்கள், வெள்ளையாகப் பாறை கட்டியிருக்கும். அந்த உப்புதான் ஐசி கால்களுக்கு நடுவிலும் உட்காரும். அப்புறம் காற்றின் ஈரமும் கரண்ட்டும் சேர்ந்தால், உலோகம் கரைந்து ஒரு காலிலிருந்து அடுத்த காலுக்குப் பெரணி இலை மாதிரி முளைத்து ஷார்ட் ஆகும்.

எங்களிடமே நடந்தது. ஒரு ஐப்பசி மழையில் போர்டுகள் திரும்பி வந்தன. லென்ஸ் வைத்துப் பார்த்தால் கால்களுக்கிடையே கறுத்த முடி மாதிரி ஒன்று. தண்ணீரின் உப்பை எடுத்து டிஐ தண்ணீர் ஆக்கும் பிளான்ட்டின் ரெசின் தீர்ந்துபோயிருக்கிறது, மீட்டரை யாரும் பார்க்கவில்லை. அந்த யாரும் நான்தான்.

தண்ணீரில் கரையும் ஃபிளக்ஸின் மிச்சம் அரிக்கும், அதனால் கழுவாமல் விடவே கூடாது, அன்றைக்கே கழுவிவிடுங்கள். 50-60 டிகிரி சூட்டில் டிஐ தண்ணீர். முதல் அலசலுக்கு ஆர்ஓ போதும், கடைசி அலசல் கண்டிப்பாக டிஐ.

உசிலம்பட்டியிலிருந்து: நகைக்கடையில் இருக்கிற அல்ட்ராசோனிக் தொட்டி சரிப்படுமா?

போர்டில் கிரிஸ்டல், மெம்ஸ் மைக் (சிப் அளவுக் குட்டி மைக்), சென்சார் இருந்தால் வேண்டாம். அதிர்வில் உள்ளே ஒடிந்தாலும் வெளியே தெரியாது. ஸீல் இல்லாத ரிலே, டிரிம்பாட் (திருகி அளவு மாற்றும் குட்டிப் பாகம்), பட்டன் பேட்டரி இவற்றைத் தண்ணீரிலேயே போடக் கூடாது. போர்டைக் கழுவிய பிறகு இவற்றை நோ-கிளீன் வயரில் சால்டர் செய்யுங்கள். பஸ்ஸர் தலையில் ஸ்டிக்கர் இருந்தால் கழுவி முடிக்கும் வரை பிரிக்காதீர்கள், அது அதற்காகத்தான்.

சமயநல்லூரிலிருந்து: ஏசி ரூமில் கதவடைத்து ஐபிஏயில் கழுவுகிறோம். மத்தியானத்துக்குள் தலை சுற்றுகிறது மேடம்.

முதலில் வெளியே வாம்மா. சூப்பர்வைசர் என்ன சொன்னாலும் சரி. ஐபிஏ ஆவி 12 டிகிரியிலேயே ஒரு பொறி பட்டால் தீப்பற்றும். மதுரையில் மார்கழி விடியற்காலைகூட அதைவிடச் சூடு. ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழும். அதனால் ஆவியை இழுக்கும் எக்ஸாஸ்ட் கீழே இருக்க வேண்டும், கூரையில் இருந்தால் பிரயோஜனமில்லை. அதே மேசையில் சால்டரிங் அயர்ன் ஆகாது. நைட்ரைல் கையுறை போடுங்கள். விலை குறைவென்று பெயின்ட் கடைத் தின்னருக்கு மாறச் சொன்னால் மறுத்துவிடுங்கள்; அதில் டொலுயீன் இருக்கும், நரம்பைப் பாதிக்கும்.

அவனியாபுரத்திலிருந்து: மொட்டை மாடி வெயிலில் காயவைக்கலாமா?

வடகமா போடுகிறீர்கள்? தூசிதான் ஒட்டும். எண்ணெய் கலக்காத காற்றைக் கனெக்டர், ஐசி அடியில் எல்லாம் அடித்து, பாகங்கள் தாங்குமென்றால் ஓவனில் 60-80 டிகிரியில் ஓரிரு மணி நேரம் வையுங்கள். தண்ணீரில் கழுவியதற்குத்தான் இது. ஐபிஏ ஈரம் சொட்டும் போர்டை சுருள் ஹீட்டர் ஓவனுக்குள் வைத்தால் ஓவன் கதவு மிஞ்சாது.