படகு மோட்டார்: வாசகர் கேள்வி – பதில்

கே: தொண்டியில் என் மச்சானும் நானும் கூட்டாக 18 அடி ஃபைபர் வத்தை (சின்னப் படகு) வைத்திருக்கிறோம். ரெண்டு பேர் போய் நண்டு வலை விட்டு வருவது, கரையிலிருந்து நாலைந்து கிலோமீட்டர் தூரம்தான். பழைய மண்ணெண்ணெய் மோட்டார் ஓய்ந்துவிட்டது. ஃபோர் ஸ்ட்ரோக் வாங்கலாம் என்று முடிவு. 5 எச்.பி. போதும் என்கிறார் மச்சான், கடைக்காரர் 15 எடுங்கள் என்கிறார். யார் சொல்வது சரி? (வாசகர், தேவகோட்டை)

ரெண்டு பேர் சொல்வதுமே சரியில்லை. ஆனால் மச்சான் சொல்வது பரவாயில்லை ரகம்.

5 எச்.பி. மோட்டார் ஒரே சிலிண்டர்தான், எடை 25 கிலோ சுற்றி வரும், ஒரே ஆள் தோளில் போட்டுக்கொண்டு கரைக்கு வந்துவிடலாம். அமைதியான நாளில் உங்கள் வத்தையை அது நன்றாகவே தள்ளும். சிக்கல் வாடைக் காலத்தில். பாக் விரிகுடா அப்போது எப்படிப் புரளும் என்று மச்சானுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நனைந்த வலை, நண்டுக் கூடை, ரெண்டு ஆள், எதிர்க்காற்று எல்லாம் சேர்ந்தால் 5 எச்.பி. முழு மூச்சில் ஓடியும் படகு நின்ற இடத்தில் நிற்கிற மாதிரி இருக்கும். 15-க்குப் போனால் எடை 50 கிலோவைத் தொட்டுவிடும், ஏன் தாண்டியும் போகும். அவ்வளவையும் பின்பலகையில் தொங்கவிட்டால் பின்பக்கம் அமுங்கி முன்பக்கம் தூக்கும், பெட்ரோல் செலவும் ஏறும், சுமையோடு போகிற வத்தைக்கு அந்த வேகம் கிடைக்கவும் போவதில்லை.

அதனால் 8 அல்லது 9.9 எடுங்கள். பல கம்பெனிகளில் இந்த ரெண்டும் ஒரே என்ஜின்தான், ஏறக்குறைய 210 சி.சி., ரெட்டை சிலிண்டர், 40 கிலோ சுற்றி எடை. விலை வித்தியாசம் கொஞ்சம்தான் என்றால் 9.9-ஐ எடுத்துவிட்டு முக்கால் வேகத்தில் ஓட்டுங்கள். முழு வேகத்தில் மணிக்கு மூன்றரை முதல் நாலு லிட்டர் வரை குடிக்கும், கொஞ்சம் கையைத் தளர்த்தினால் சட்டென்று குறையும்.

எச்.பி.யை விட முக்கியமாக நான் நினைப்பது புரொப்பெல்லர், அதாவது தண்ணீரைத் தள்ளுகிற விசிறி. அதன் நடுக் குடத்தில் ரெண்டு எண் பொறித்திருக்கும். முதல் எண் விட்டம், ரெண்டாவது எண் பிட்ச், அதாவது ஒரு சுற்றுக்கு அது கணக்குப்படி எத்தனை அங்குலம் முன்னே போக வேண்டும் என்பது. மோட்டாரோடு கடையில் வருகிற புரொப்பெல்லர் பெரும்பாலும் உல்லாசப் படகுக்குத் தோதானது, பிட்ச் கூடுதல். அதைச் சுமைப் படகில் மாட்டுவது பாரம் ஏற்றிய லாரியை டாப் கியரில் கிளப்புகிற கதை. வாங்கும்போதே வலை, ஐஸ், ஆள் எல்லாம் ஏற்றி ஒரு ஓட்டம் விட்டு, முழு வேகத்தில் ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) என்ன என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலான சின்ன மோட்டார்களுக்கு 5,000-லிருந்து 6,000-க்குள் நிற்க வேண்டும். 5,000-க்குக் கீழே திணறினால் பிட்ச் குறைந்ததை மாற்றுங்கள், ஒரு அங்குலம் குறைத்தால் தோராயமாக 200 சுற்று ஏறும். இதைச் செய்யாமல் "ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு இழுவை இல்லை" என்று பேசுகிறவர்கள்தான் அதிகம்.

அடுத்தது தண்டின் நீளம். பின்பலகையின் மேல்விளிம்பிலிருந்து அடிப்பாகம் வரை டேப் வைத்து அளந்து பாருங்கள். 15 அங்குலம் என்றால் குட்டைத் தண்டு, 20 என்றால் நெட்டைத் தண்டு. குட்டையாக இருக்க வேண்டிய இடத்தில் நெட்டை போனால் தொண்டிக் கரையோரத் தரையில் உரசி, கடற்புல்லை முழுக்கச் சுருட்டிக்கொண்டு நிற்கும். நெட்டை வேண்டிய இடத்தில் குட்டை போனால் அலையில் புரொப்பெல்லர் காற்றை விழுங்கி வெறுமனே அலறும்.

மண்ணெண்ணெய் விஷயம்: சின்ன ஃபோர் ஸ்ட்ரோக் பெட்ரோலுக்கு மட்டுமே, அதில் மண்ணெண்ணெய் கலந்து பார்க்கும் ஆசை வேண்டாம். மச்சான் பெயரில் மானிய மண்ணெண்ணெய் வருகிறது என்றால், இன்னொரு மண்ணெண்ணெய் மோட்டாரே வாங்குவதும் முட்டாள்தனம் இல்லை, வரவு செலவு எழுதிப் பாருங்கள். மோட்டாருக்கு மானியம் உண்டா என்று மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டு அப்புறம் முன்பணம் கொடுங்கள்.

எந்த கம்பெனி என்று கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்: தண்ணீர் பம்பின் ரப்பர் இம்பெல்லர் (என்ஜினைக் குளிர்விக்கத் தண்ணீரை இழுத்துத் தள்ளுகிற சக்கரம்) எந்தக் கடையில் அன்றைக்கே கையில் கிடைக்கிறதோ அந்தக் கடைக்காரரின் கம்பெனி. சேறும் புல்லும் உள்ள கடலில் அதுதான் முதலில் தேயும். ஓடும்போது பின்னால் பீய்ச்சுகிற தண்ணீர் மெலிந்தால் உடனே அணைத்துவிடுங்கள்.

கே: என் வீட்டுக்காரர் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு வந்து எங்கள் வளவில் படுக்க வைக்கிறார். எண்ணெய் ஒழுகி ஆத்தங்குடிக் கல்லெல்லாம் கறை. பழைய மோட்டார் இப்படி ஒழுகாது. புதுசு பழுதா? (வாசகி, கோட்டையூர்)

பழுது இல்லை, படுக்க வைத்த பக்கம் தப்பு. பழைய டூ ஸ்ட்ரோக்கில் எண்ணெய் பெட்ரோலோடு கலந்தே போய்விடும், தனியாகத் தேங்குவதில்லை. ஃபோர் ஸ்ட்ரோக்கில் மோட்டார் சைக்கிள் போல அடியில் தனி எண்ணெய் உண்டு. எந்தப் பக்கம் படுக்க வைக்கலாம் என்று மூடியிலோ கையேட்டிலோ படம் போட்டிருப்பார்கள், அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். தப்பான பக்கம் படுத்தால் எண்ணெய் சிலிண்டருக்குள்ளும் போகும், மறுநாள் கயிறு இழுத்தால் இறுகி நிற்கும். ஒரு மரச் சட்டம் அடித்து நிமிர்த்தி மாட்டி வைக்கச் சொல்லுங்கள், வளவில் வேண்டாம், பின்கட்டு கொட்டகையில். பெட்ரோல் கேன் வீட்டுக்குள் வரவே கூடாது.

சில வாரம் கடலுக்குப் போகவில்லை என்றால், நல்ல தண்ணீர் விட்டு ஓட்டி உப்பைக் கழுவிவிட்டு, பெட்ரோல் குழாயைக் கழற்றி கார்புரேட்டர் காயும்வரை ஓட்டி அணைக்க வேண்டும். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், கடலோரத்தில் கேட்கவே வேண்டாம். பல மோட்டார் கையேடுகள் 10 சதவீதம் வரைதான் ஒத்துக்கொள்கின்றன. ஆகையால் வாரன்ட்டி பற்றி விற்றவரிடம் எழுத்தில் வாங்குங்கள், தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்றும் மாட்டச் சொல்லுங்கள். முதல் எண்ணெய் மாற்றம் பெரும்பாலும் 20 மணி நேர ஓட்டத்தில், பிறகு 100 மணிக்கு ஒருமுறை. கறைக்கு, மரத்தூளைத் தூவி ஒரு ராத்திரி விட்டுப் பாருங்கள். ஆழமாக இறங்கியிருந்தால் முழுசாகப் போகாது.

கே: மலேசியாவில் இருக்கும் சித்தப்பா தன்னிடம் உள்ள பழைய 9.9 ஃபோர் ஸ்ட்ரோக்கைச் சும்மாவே தருகிறேன் என்கிறார். அனுப்பச் சொல்லலாமா? (வாசகர், காரைக்குடி)

முதலில் மாடல் எண்ணைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, இங்கே உள்ள டீலரிடம் அந்த மாடலுக்கு இம்பெல்லரும் கியர் ஆயில் சீலும் வருமா என்று கேளுங்கள். வராது என்றால் சும்மா கிடைத்தாலும் விலை அதிகம்தான். வரும் என்றால் கப்பல் செலவையும் சுங்க வரியையும் கூட்டிப் பாருங்கள். அதற்கும் முன்னால், சித்தப்பாவை கியர் ஆயில் திருகைக் கொஞ்சம் தளர்த்தி ஒரு சொட்டு பார்க்கச் சொல்லுங்கள். மோர் நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் ஏறியிருக்கிறது. மோட்டாரை உப்பு அரிக்காமல் தான் கரைந்து காக்கிற துத்தநாகத் தகடு பாதிக்கு மேல் கரைந்து கிடந்தால் கவனிப்பாரற்றுக் கிடந்த மோட்டார் என்று அர்த்தம்.

கே: கண்மாய் குத்தகை எடுத்திருக்கிறோம். வலை போட, தீவனம் போட ஒரு சின்னப் படகு. 2 எச்.பி. மோட்டார் போடலாமா? (வாசகர், கண்டனூர்)

போடலாம், காற்றால் குளிரும் ரகத்தில் 14 கிலோவுக்குள்ளேயே கிடைக்கிறது, தண்ணீர் பம்பு இல்லாததால் சேறு அடைக்காது. ஆனால் உங்கள் கண்மாயில் அல்லியும் ஆகாயத்தாமரையும் இருந்தால் மோட்டார் ஓடுகிற நேரத்தை விட புரொப்பெல்லரில் கொடி அறுக்கிற நேரம் கூடும். கழியும் துடுப்பும் போதும்.