ஆரம்பம் ஜோர்... அப்புறம்?

தீர்மானம் எடுப்பது, திட்டம் போடுவது, பாதியில் நிற்பது பற்றி வாசகர்கள் கேட்டவையும் எங்கள் பதில்களும்.

ஜவுளிக்கடையில் வேலை. காலை 9.30-க்குப் போனால் இரவு 9 ஆகிவிடும். மூன்று வருடமாக குரூப் 4-க்கு டைம்டேபிள் போடுகிறேன். தினம் 5 மணி நேரம் என்று எழுதுவேன். இரண்டு வாரம் தாண்டியதில்லை. எனக்கு மன உறுதி இல்லையா?
– வாசகி, ஈரோடு

மன உறுதி கிடக்கட்டும், முதலில் கணக்கைப் பார்ப்போம். கடையிலேயே பதினொன்றரை மணி நேரம் போகிறது. போக்குவரத்து, குளியல், சமையல், துணி, தூக்கம் எல்லாம் கழித்தால் மிச்சம் இரண்டு மணி நேரம் தேறினால் பெரிய விஷயம். அதற்குள் ஐந்து மணி நேரத்தை எப்படித் திணிப்பது? அந்த டைம்டேபிள் இரண்டு வாரம் ஓடியதே உங்கள் உறுதியால்தான்.

வருகிற வாரம் படிக்கவே வேண்டாம். எந்த நேரம் உண்மையில் சும்மா கிடைத்தது என்று மட்டும் ஒரு நோட்டில் குறியுங்கள். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்த 20 நிமிடம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு 15, இரவில் 40 என்று ஏழு நாளும் எழுதுங்கள். இருப்பதிலேயே மோசமான நாளில் எவ்வளவு தேறியதோ, அதுதான் உங்கள் தினசரி அளவு. சராசரியை எடுக்காதீர்கள். சராசரிக்குக் கீழே விழும் நாட்கள் வாரத்துக்கு மூன்று நான்கு வரும், அப்போதெல்லாம் ‘தவறிவிட்டேன்’ என்ற எண்ணம் வரும், அந்த எண்ணம்தான் நோட்டை மூட வைக்கிறது. மோசமான நாள் 35 நிமிடம் என்றால் 35 நிமிடம்தான். மற்ற நாளில் கூடுதலாகப் படித்தால் லாபம்.

அடுத்தது, அதை எழுதும் விதம். ‘தினமும் படிப்பேன்’ என்பது ஆசை. ‘ராத்திரி சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்ததும், வாசல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ஏழாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் அடுத்த நான்கு பக்கம்’ என்றால் அது திட்டம். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் பல ஆண்டுகளாக ஆராய்ந்தது இந்த வேறுபாட்டைத்தான். அவரும் பாஸ்கல் ஷீரனும் 2006-ல் 94 சோதனைகளைச் சேர்த்து அலசினார்கள். ‘இது நடந்ததும் இதைச் செய்வேன்’ என்று முன்கூட்டி முடிவு செய்தவர்கள், வெறும் ஆசையோடு நின்றவர்களைவிடத் தெளிவாகவே அதிகம் செய்து முடித்திருந்தார்கள். ‘இப்போது படிக்கலாமா, கொஞ்ச நேரம் கழித்தா’ என்ற கேள்வியை அலுத்துப்போன ராத்திரியில் கேட்டால் என்ன பதில் வரும் என்று உங்களுக்கே தெரியும். அதனால் பதிலைப் பகலிலேயே எழுதி வைத்துவிடுகிறோம்.

உங்கள் விஷயத்தில் ‘10 மணிக்கு’ என்று கடிகாரத்தைக் கட்ட வேண்டாம். தீபாவளி சீசனில் கடை எப்போது சாத்துவார்கள் என்று யாருக்குத் தெரியும்? தட்டு கழுவுவது எந்த நாளிலும் நடக்கும், அதில் கட்டுங்கள். ‘10.45-க்கு மேல் வீடு வந்தால் பழைய கேள்வித்தாளில் ஐந்து கேள்வி மட்டும், பிறகு தூக்கம்’ என்று இன்னொரு வரியும் எழுதி வையுங்கள். சீசனைத் தாங்கப்போவது இந்த இரண்டாவது வரிதான்.

35 நிமிடத்தை எதில் செலவழிப்பது? தேர்வு 200 கேள்வி, 300 மதிப்பெண், 3 மணி நேரம். அதில் 100 கேள்வி தமிழ். 150-க்கு 60 எடுக்காவிட்டால் அடுத்த பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். ஆகவே முதல் மூன்று மாதம் இரவு நேரம் முழுக்கப் பள்ளித் தமிழ்ப் புத்தகங்களுக்கே. பொது அறிவைப் பஸ்ஸில் படிக்கலாம். 25 கேள்வி வரும் கணக்கைப் பஸ்ஸில் போட முடியாது. பேனாவும் பேப்பரும் வேண்டும், வார விடுமுறை நாளுக்கு ஒதுக்குங்கள்.

21 நாள் தொடர்ந்து செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்கிறார்களே? 26 நாள் நடந்தேன். 27-ஆம் நாள் மழை. அதோடு சரி.
– வாசகர், நாகர்கோவில்

அந்த 21-க்குப் பின்னால் இருப்பவர் மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன். அறுவை சிகிச்சைக்குப் பிறகு புது முகம் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று 1960-ல் எழுதினார். ‘குறைந்தது’ வழியில் எங்கோ உதிர்ந்துபோய், முகம் நடைப்பயிற்சியாகிவிட்டது.

லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 84 நாள் கவனித்து 2010-ல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. ஒரு செயல் யோசிக்காமலே வரும் நிலையை எட்ட, நாள் கணக்கில் வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்பவருக்கு 66 நாள். ஆளுக்கு ஆள் வித்தியாசம் எக்கச்சக்கம்: 18 முதல் 254 நாள் வரை. 84-ஐத் தாண்டியவை, கவனித்த நாட்களின் போக்கை வைத்துக் கணக்கிட்டவை. தண்ணீர் குடிப்பது போன்றவை சீக்கிரம் ஒட்டிக்கொண்டன, உடற்பயிற்சிக்கு நாள் பிடித்தது. உங்களுக்கு வேண்டிய செய்தி ஒன்றும் அதில் உண்டு: நடுவில் ஒருநாள் விட்டுப்போனதால் பழக்கம் உருவாவது குறிப்பிடும்படி கெடவில்லை. மழை உங்கள் நடையை நிறுத்தவில்லை, 28-ஆம் நாள் காலையில் செருப்பை மாட்டாததுதான் நிறுத்தியது. நாகர்கோவிலில் இரண்டு பருவமழையும் பெய்யும். ‘மழை பெய்தால் மாடிப்படி பத்து தடவை’ என்று இப்போதே எழுதிவிடுங்கள்.

ஐடியாவுக்குப் பஞ்சமே இல்லை. பொடி வியாபாரம், யூடியூப் சேனல், டியூஷன், மாடித்தோட்டம் என்று டைரி நிறைய எழுதியிருக்கிறேன். எதையும் தொடங்கியதில்லை. எதை எடுப்பது?
– வாசகி, மதுரை

எது சிறந்தது என்று யோசித்துக்கொண்டே இருந்தால் டைரிதான் தடிக்கும். ஆயிரம் ரூபாய்க்குள், இரண்டு வாரத்துக்குள், உங்கள் அடுப்படியிலேயே சோதித்துப் பார்க்க முடிவது எது என்று கேளுங்கள். பொடிதான் முன்னால் நிற்கிறது. மற்றவற்றை அழிக்க வேண்டாம். பக்கத்தை மடித்து, மறுபடி திறக்கும் தேதியை மேலே எழுதிவிடுங்கள். அடுத்த ஐடியா வந்தாலும் எழுதுங்கள், அந்தத் தேதிவரை தொடாதீர்கள்.

சோதனை இப்படி. உளுந்து அரை கிலோ, கடலைப்பருப்பு கால் கிலோ, வரமிளகாய் 100 கிராம், எள் 50 கிராம், உப்பு, கட்டிப் பெருங்காயம். தனித்தனியாக வறுங்கள். உளுந்தை மிதமான தீயில் பொறுமையாக வறுக்க வேண்டும். அவசரப்பட்டால் மேலே சிவந்து உள்ளே பச்சை வாடை நிற்கும். பெரும்பாலோர் கோட்டை விடுவது அடுத்த இடத்தில்: சூடு ஆறுவதற்கு முன் அரைப்பது. ஆவி பொடிக்குள் அடைபட்டுக் கட்டி தட்டும், சீக்கிரம் வாடை மாறும். தாம்பாளத்தில் பரப்பி முழுக்க ஆறவிட்டு அரைத்து, அரைத்த பொடியையும் ஆறவிட்டுத்தான் கவரில் போட வேண்டும். கிலோவுக்குச் சற்றுக் குறைய வரும். தராசில் நிறுத்து 50 கிராம் பாக்கெட்டாகப் போட்டால் பதினேழு பதினெட்டு தேறும். பருப்பு, மிளகாய் மட்டுமல்ல, கேஸ், கவர், லேபிள், உங்கள் மூன்று மணி நேரக் கூலி எல்லாம் சேர்த்து அடக்க விலையை எழுதுங்கள். கூலியைச் சேர்க்காமல் ‘லாபம்’ கண்டவர்கள்தான் ஆறு மாதத்தில் அலுத்துப்போய் நிறுத்துகிறார்கள்.

முதல் தடவை காசு வாங்காமல் கொடுங்கள். ‘எப்படி இருந்தது?’ என்று கேட்காதீர்கள். சொந்தக்காரர்கள் ‘சூப்பர்’ என்றுதான் சொல்வார்கள், அந்த சூப்பருக்கு மதிப்பு கிடையாது. ‘அடுத்த மாதம் முதல் தேதி அரைக்கிறேன், கால் கிலோ இன்ன விலை’ என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். பதினெட்டில் எத்தனை பேர் தாங்களாகக் கேட்கிறார்கள் என்பதுதான் முடிவு. ஐந்து பேர் கேட்டால் தொடரலாம். இரண்டு என்றால் விலையையோ காரத்தையோ மாற்றி இன்னொரு தடவை பார்க்கலாம். அப்போதும் இரண்டுதான் என்றால் பொடிக்குக் கோடு போட்டுவிட்டு அடுத்த பக்கம். இந்த எண்களை அரைப்பதற்கு முன்பே எழுதி வைக்க வேண்டும். அரைத்த பிறகு எழுதினால் மனசு பேரம் பேசும். காசு வாங்கி விற்கத் தொடங்கும் முன் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு செய்துகொள்ளுங்கள். வீட்டிலிருந்து விற்றாலும் அது கட்டாயம்.

எடை குறைக்கிறேன் என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போட்டேன். வாழ்த்து குவிந்தது. பத்தே நாளில் விட்டுவிட்டேன், வெட்கமாக இருக்கிறது. நாலு பேரிடம் சொன்னால் செய்துவிடுவோம் என்பது பொய்யா?
– வாசகர், கோயம்புத்தூர்

யாரிடம் சொல்கிறோம் என்பதைப் பொறுத்தது. சட்ட மாணவர்களை வைத்து கோல்விட்சர் குழு செய்த ஒரு சோதனை 2009-ல் வெளியானது. படிப்புக்காக உழைப்பேன் என்று எழுதிக்கொடுத்து, அதை இன்னொருவர் படித்து ஆமோதிக்கவும் கண்டவர்கள், பிறகு கொடுத்த வேலையில் குறைந்த நேரமே உழைத்தார்கள். வாழ்த்து வந்தவுடன் பாதி ஆகிவிட்ட மாதிரி ஒரு நிறைவு. உங்கள் ஸ்டேட்டஸுக்கு வந்த கைதட்டல் இமோஜிகளும் கிட்டத்தட்ட அந்த வேலையைத்தான் செய்திருக்க வேண்டும்.

வாழ்த்துபவர்கள் வேண்டாம், கேட்பவர் ஒருவர் போதும். சீட்டுப் பணத்தை யோசித்துப் பாருங்கள். வங்கியில் போடலாம் என்று நினைத்த பணம் போவதில்லை, சீட்டுப் பணம் மட்டும் தவறுவதில்லை. தேதி உண்டு, தொகை உண்டு, தராவிட்டால் வாசலில் வந்து நிற்கும் ஆள் உண்டு. அதே மூன்றையும் இங்கே வையுங்கள். ஞாயிறு இரவு 8 மணிக்கு ஒருவருக்கு ஒரு வரி: ‘இந்த வாரம் 5-ல் 4 நாள் நடந்தேன்.’ நாள் கணக்கு மட்டும். எடையைச் சொல்லாதீர்கள், அது உங்கள் கையில் இல்லை, நடப்பது இருக்கிறது. கணவன் மனைவிக்குள் இந்த ஏற்பாடு வேண்டாம், இரண்டாவது வாரமே சண்டையில் முடியும். கண்டிப்பான ஒரு மச்சான் பொருத்தமானவர்.

பணத்தையும் பிணை வைக்கலாம். பிலிப்பைன்ஸில் ஒரு வங்கி, புகைப்பதை விட விரும்பியவர்களைத் தங்கள் பணத்தை ஒரு கணக்கில் போட்டுவரச் சொன்னது. ஆறு மாதம் கழித்துச் சிறுநீர்ச் சோதனை. தேறாவிட்டால் பணம் தர்மத்துக்கு. அழைக்கப்பட்டவர்களில் 11 சதவீதத்தினர்தான் சேர்ந்தார்கள். ஆனாலும் அழைப்பே கிடைக்காதவர்களைவிட, கிடைத்தவர்களில் புகையை விட்டவர்கள் சுமார் 3 சதவீதப் புள்ளி அதிகம். 2010-ல் வெளியான ஆய்வு இது. மந்திரமில்லை, ஆனால் வேலை செய்கிறது. தொகை வலிக்க வேண்டும், வீட்டுச் செலவைத் தொடக் கூடாது. மச்சானிடம் 2,000 கொடுத்து, வாரம் தவறினால் 250 போய்விடும் என்று பேசிக்கொள்ளுங்கள். போகும் பணம் கோயில் உண்டியலுக்கு என்றால் ‘நல்ல காரியத்துக்குத்தானே’ என்று மனம் சமாதானமாகிவிடும். மச்சானே டிபன் சாப்பிடட்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரியன். எங்கள் ஊர் வரலாற்றை எழுத நான்கு வருடமாகக் குறிப்பு சேர்க்கிறேன், 11 நோட்டு ஆகிவிட்டது. ஒவ்வொரு பொங்கலுக்கும் ‘இந்த வருடம் முடித்துவிடுவேன்’ என்கிறேன்.
– வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்

ஐயா, எது முடிந்தால் புத்தகம் முடிந்தது என்று எங்காவது எழுதி வைத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் பன்னிரண்டாவது நோட்டும் வரத்தான் செய்யும். இன்று இரவே பொருளடக்கத்தை எழுதிவிடுங்கள். கோயில், குளம், பள்ளிக்கூடம், வாய்க்கால் பாசனம், புயல் வந்த வருடங்கள் என்று பத்து தலைப்பு, தலைப்புக்குப் பத்து பக்கம். இதில் அடங்காத குறிப்பு எவ்வளவு அருமையானதாக இருந்தாலும் இரண்டாம் பதிப்புக்கு.

தேதியை மனதில் தோன்றியபடி குறிக்காதீர்கள். கனடாவில் ஆய்வேடு எழுதிய மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாகச் சொன்னது 34 நாள், ஆனது 55-க்கும் மேல். 1994-ல் வெளியான ஆய்வு அது. நமக்குப் பழகிய வேலையில்கூட, சிக்கல் வராத நாட்களை மட்டும் மனக்கண்ணில் ஓட்டித்தான் தேதி சொல்கிறோம். நீங்கள் ஒரு அத்தியாயத்தை எழுதிப் பார்த்து நாளை எண்ணுங்கள். கைவசம் நிறையத் தகவல் இருக்கும் கோயிலை எடுக்காமல், தகவல் குறைவான வாய்க்காலை எடுங்கள். 12 நாள் பிடித்தால் பத்துக்கு 120. டி.டி.பி., இரண்டு சுற்று மெய்ப்பு, அச்சு எல்லாம் சேர்த்து இன்னும் இரண்டு மாதம். கையெழுத்துப் பிரதியிலிருந்து தட்டச்சு செய்யும்போது ர, ற-வும் ன, ண-வும் இடம் மாறும் என்பதை ஆசிரியரான உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை; மெய்ப்புக்கு நாள் ஒதுக்காமல் இருக்காதீர்கள் என்பதற்காகச் சொல்கிறோம்.

எழுதும்போது கல்வெட்டு ஆண்டில் சந்தேகம் வரும். உடனே எழுந்து நோட்டைப் புரட்டினால் அன்றைய எழுத்து போச்சு. ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி, அடுத்த வரி. வெள்ளிக்கிழமை முழுவதும் கேள்விக்குறிகளுக்கு. நாள்தோறும் எழுதி முடிக்கையில் ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்திருங்கள். மறுநாள் வெற்றுத் தாளைப் பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டியிருக்காது.

நான்கு மாதமாக கிடார் வகுப்பு. பிடிக்கவே இல்லை. பணம் கட்டிவிட்டோமே என்று போகிறேன். விடலாமா?
– வாசகி, சென்னை

கட்டிய பணம் போனாலும் திரும்பாது, போகாவிட்டாலும் திரும்பாது. அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஆனால் விரல் நுனி வலிக்கிற நாளிலோ, பாரே கார்ட் (ஒரே விரலால் பல தந்திகளைச் சேர்த்து அழுத்துவது) வராமல் தந்தி மழுங்கலாக ஒலித்த நாளிலோ முடிவெடுக்க வேண்டாம். அந்தக் கட்டம் எல்லோருக்கும் வரும். காலண்டரில் நான்கு வாரம் தள்ளி ஒரு தேதி வட்டமிடுங்கள். அதுவரை வகுப்பு இல்லாத நாளில், யாரும் சொல்லாமல் எத்தனை தடவை கிடாரை உறையிலிருந்து எடுத்தீர்கள் என்று கோடு போட்டு வாருங்கள். வட்டமிட்ட தேதியில் நான்கு கோடுகூட இல்லையென்றால், அன்றே மாஸ்டரிடம் சொல்லிவிட்டு, கிடாரை ஓ.எல்.எக்ஸ்.-ல் போட்டுவிடுங்கள். உறையோடு சேர்த்து விற்றால் விலை கொஞ்சம் கூட வரும்.