கல்யாணம் பேசிய அன்று மகன் எங்கே இருந்தான்?

கேள்வி: எங்கள் ஊர் குலசேகரம் பக்கம். கணவர் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. மகனுக்கு 28 வயது. விடியற்காலையில் ரப்பர் பால் வெட்டப் போவான். சொந்தமாக 60 தேனீப் பெட்டியும் வைத்திருக்கிறான். பொக்லைன் ஓட்டத் தெரியும். இப்போது திடீரென்று, ஆப்பிரிக்காவில் கானா நாட்டில் ஒரு சின்னத் தங்கச் சுரங்கத்தில் பொக்லைன் ஓட்டப் போகிறேன் என்கிறான். ஏஜென்ட் விசிட் விசாவில் அனுப்புகிறாராம். மகளுக்குத் தை மாதம் கல்யாணம். 75 பவுன் பேசி முடித்திருக்கிறோம், கடன் வாங்கித்தான் போட வேண்டும். பெரியப்பா முன்னின்று பேசினார். அன்று மகன் பெட்டி பார்க்கப் போயிருந்தான். ராத்திரி வந்ததும் சொன்னோம். ஒன்றும் பேசாமல் சாப்பிட்டுப் படுத்துவிட்டான். அவனை ஊரிலேயே நிறுத்த என்ன மாற்று வேலை ஏற்பாடு செய்யலாம்? காளான், கோழிப்பண்ணை, அன்னாசி என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

பதில்: காளானும் வேண்டாம், கோழியும் வேண்டாம். உங்கள் மகனுக்கு வேலை இருக்கிறது அம்மா. பால் வெட்டுத் தெரிந்தவன், 60 பெட்டியைக் காப்பாற்றி வைத்திருப்பவன். ரப்பர் இலையுதிர்ந்து தளிர்க்கும் மாசி பங்குனியில் தேன் எடுத்து, மழைக்காலம் முழுக்கச் சர்க்கரைப் பாகு ஊற்றி ஈயைச் சாகாமல் வைத்திருக்கப் பொறுமை வேண்டும். அது உள்ள பையன் வேலைக்காகக் கடல் தாண்டுகிறான் என்று நான் நம்பவில்லை.

கடிதத்தில் ஒரு வரியைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். “அன்று மகன் பெட்டி பார்க்கப் போயிருந்தான்.” அந்த வரியிலேயே நான் நின்றுவிட்டேன். 75 பவுன் என்றால் 600 கிராம் தங்கம். அதை யார் சம்பாதிக்க வேண்டுமோ, அவன் இல்லாத நேரத்தில் பேசி முடித்திருக்கிறீர்கள். ஒரு நாள் தள்ளிப்போட்டிருந்தால் மாப்பிள்ளை வீட்டார் ஓடியா போயிருப்பார்கள்? பெரியப்பாவுக்குச் சொல்லத் தெரிந்தது. கடனில் கையெழுத்துப் போடப்போவது யார்? ராத்திரி சோற்றுத் தட்டின் முன்னால் செய்தியாகச் சொன்னீர்கள். அவன் பேசாமல் சாப்பிட்டதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டீர்கள். கானா என்று அவன் இப்போது சொல்வதுதான் அன்று சொல்லாத பதில்.

அந்த நாட்டின் கதையும் கொஞ்சம் கேளுங்கள், உங்கள் கேள்விக்கு அதில் நேரான பதில் இருக்கிறது. தார்க்குவா, பிரஸ்தியா போன்ற தங்கப் பகுதிகளில் ஊர்க்காரர்களே குழி தோண்டித் தங்கம் எடுக்கிறார்கள். உரிமம் இல்லாமல் எடுப்பதைக் கலம்சே என்பார்கள். அவர்களைக் குழியிலிருந்து வெளியே கொண்டுவர மாற்று வேலைத் திட்டங்கள் வந்தன. நத்தை வளர்ப்பு, காளான், இறைச்சிக்காக வளர்க்கும் ஒரு பெரிய எலி வகை, தேனீப் பெட்டிகூட உண்டு. பல இடங்களில் நிலைக்கவில்லை. திட்டம் போட்டவர்கள் வேலையைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள், செய்ய வேண்டியவனைக் கேட்கவில்லை. விளைந்ததை எங்கே விற்பது என்றும் பார்க்கவில்லை. கேட்டபோது அந்த மக்கள் சொன்னது சாதாரணமானதுதான். விவசாயத்துக்கு முதல் கொடுங்கள், கடை வைக்க முதல் கொடுங்கள், ஒரு கைத்தொழில் கற்றுக்கொடுங்கள் என்றார்கள். குழியில் இறங்குகிறவர்களில் நிறையப் பேர் விவசாயிகளே. உரத்துக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் உடனே காசு வேண்டும் என்பதால் இறங்குகிறார்கள். தலைமேல் கடன் இருப்பவனிடம் ஆறு மாதம் கழித்து வரும் வருமானத்தைக் காட்டினால் அவன் எப்படி நிற்பான்?

நீங்களும் அதையேதான் செய்கிறீர்கள். காளானா, கோழியா, அன்னாசியா என்று என்னைக் கேட்கிறீர்கள், பக்கத்து வீட்டில் கேட்கிறீர்கள். அவனைக் கேட்டீர்களா? கேட்டதாகக் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை.

சரி, பயணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். விசிட் விசாவில் போய் வேலை செய்வது எந்த நாட்டிலும் வம்புதான். கானாவில் சிறு சுரங்க உரிமம் அந்த நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும்தான். 2019இல் சட்டத்தைத் திருத்தி, உரிமமில்லாத சுரங்கத்துக்கு 15 ஆண்டுக்குக் குறையாத சிறை என்று வைத்துவிட்டார்கள். ஏஜென்ட் மத்திய அரசில் பதிவு பெற்றவர்தானா என்று சென்னையில் இருக்கும் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் கேட்கலாம். அங்கே தங்கத்தைப் பிரிக்கப் பாதரசம் சேர்த்துச் சூடாக்குவார்கள். அந்த ஆவி மூச்சோடு போய் நரம்பைக் கெடுக்கும். இதைக் குறைக்கத்தான் 2013இல் மினமாட்டா உடன்படிக்கை என்று உலக நாடுகள் கூடி ஒன்று செய்தன. ஒரு டன் பாறையை உடைத்துப் பொடித்தாலும் கைக்கு வருவது சில கிராம்தான். உங்கள் 600 கிராமுக்கு எத்தனை டன் பாறை என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தக் குழியின் ஓரத்தில்தான் உங்கள் மகன் பொக்லைனில் உட்கார்ந்திருப்பான்.

இத்தனை வருடத்தில் நம் மாவட்டத்திலிருந்து எனக்கு வந்த கடிதங்களில் துபாய் உண்டு, கத்தார் உண்டு, ஈரான் கடலில் மீன்பிடி விசைப்படகு உண்டு. நாலு வரி தள்ளிப் பார்த்தால் ஒரு பவுன் கணக்கு இருக்கும். அண்ணன் தங்கைக்குச் செய்வது கடமை, அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. தகப்பன் இல்லாத வீட்டில் அவன்தான் முன்னால் நிற்க வேண்டும். நிற்கவும் செய்வான். ஆனால் முன்னால் நிற்பவனைச் சபையில் உட்கார வைக்காமல் சுமையை மட்டும் தலையில் ஏற்றுவது அநியாயம். உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும், இருந்தாலும் சொல்கிறேன், அன்று நீங்கள் செய்தது தவறு.

இன்னொன்று. மாப்பிள்ளை வீட்டார் கேட்டதால்தான் இந்த 75 பவுன் என்றால் அது வரதட்சணை. 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி வாங்குவது மட்டுமல்ல, கொடுப்பதும் குற்றம். ஐந்து ஆண்டுக்குக் குறையாத சிறை என்று சட்டத்தில் இருக்கிறது. ஊரில் எல்லாரும் செய்கிறார்கள் என்று எனக்கு எழுத வேண்டாம். பிள்ளைக்குப் பங்கு கொடுக்க ஆசை என்றால், இருக்கிற சென்ட் நிலத்தில் அவள் பெயருக்கு எழுதி வையுங்கள். அது அவள் கையில் நிற்கும். 75 என்ற எண்ணைப் பற்றி மகள் என்ன நினைக்கிறாள்? அவளும் அன்று அடுக்களையில்தான் இருந்திருப்பாள். அண்ணனைக் குழிக்கு அனுப்பி நகை போடச் சம்மதமா என்று அவளிடம் நேராகக் கேளுங்கள்.

இன்று ராத்திரி பெரியப்பாவைக் கூப்பிடாதீர்கள். நீங்களும் இரண்டு பிள்ளைகளும் மட்டும் உட்காருங்கள். கையில் உள்ள நகை, வாங்கப்போகும் கடன், வட்டி எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி மகன் முன்னால் வையுங்கள். “எவ்வளவு முடியும் மக்களே?” என்று கேட்டுவிட்டு, அவன் பதில் சொல்லும்வரை வாய் திறக்காதீர்கள். இருபது என்பானோ, பத்து என்பானோ, அந்த எண்ணோடு அவனையும் கூட்டிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போங்கள். இந்த முறை அவன் பேசட்டும். எண்ணைக் கேட்டதும் அவர்கள் எழுந்து போனால் தடுக்க வேண்டாம்.

அப்புறம் அந்த 60 பெட்டியை நூறாக்க என்ன வேண்டும் என்று அவனிடமே கேளுங்கள். மார்த்தாண்டத்தில் 1937இலிருந்து தேன் வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. அங்கே போய் விசாரிக்க வேண்டியதை அவனே விசாரிப்பான்.